எழுபது தெத்ரி

செவ்வாய் இரவு வகுப்பில்
லாஷா என் முதல் பத்தியை உரக்கப் படித்தான்:
"மலைகள் சூழ்ந்த இத்தொன்மையான திபிலிசி நகரில்..."
யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன்.
"மலையை யார் கேட்டார்கள், நெஸ்தான்?
லிஃப்ட் எங்கே?"

பதினெட்டு வருஷம் கணக்கெழுதிய கை இது.
பற்று, வரவு, அடியில் இரட்டைக் கோடு.
இப்போது வேறு கணக்கு,
மீதி என்னவென்று
கடைசி வரிவரை சொல்லக்கூடாதாம்.

லிஃப்ட் கில்தானியில் இருந்தது.
பதினாறு மாடி. உள்ளே ஓர் இரும்புப் பெட்டி,
பத்து தெத்ரி விழுந்தால்தான் மேலே நகரும்.
வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து
காசை அள்ளிப்போக வருகிற முர்த்தாஸ்தான்
என் கட்டுரை.

மூன்று நாள் அவர் பின்னால் நடந்தேன்.
நாற்பத்திரண்டு லிஃப்ட்.
சாவிக்கொத்தின் எடை, கையில் வாங்கிப் பார்த்ததில்,
ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி.
ஆறாம் மாடியில் எந்நேரமும் முட்டைக்கோஸ் வேகிறது.
"முழங்கால் வலிக்குமா?"
"வலிக்காத முழங்கால் யாருக்கு இருக்கு?"
மேற்கோள் கிடைத்ததென்று
அற்பமாக ஒரு சந்தோஷம்.

பேனாவை மூடிய பிறகுதான் வந்தது.
காசுகளுக்கு நடுவே கோட்டுப் பொத்தான்கள்.
ஏழு.
அவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
தன் பர்ஸிலிருந்து ஏழு காசை எண்ணி
மூட்டையில் சேர்த்தார்.
"யாரென்று தெரியுமா?"
"ஊக்கு குத்திய கோட்டோடு கீழே வருவாள், பார்.
எழுதிவிடாதே.
கம்பெனிக்குத் தெரிந்தால்
அவளுக்கும் லிஃப்ட் இல்லை, எனக்கும்."

அன்றிரவு எழுதினேன்.
மூன்று வாரமாக வராத முதல் வரி
தானாக வந்து உட்கார்ந்தது.
சமையலறையில் நின்று சத்தமாகப் படித்தேன்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
என் வாழ்நாளில் அதைவிட நல்ல வரி எழுதியதில்லை.
கெட்டில் கத்தி ஓயும்வரை
அழிக்கும் விசைமேல் விரல் இருந்தது,
அழுத்தாமல்.
பிறகு அழுத்தினேன்.

"சுத்தமாக இருக்கிறது," என்றான் லாஷா.
"ஆனால் நடுவில் எதையோ எடுத்த மாதிரி ஒரு பள்ளம்.
அங்கே என்ன இருந்தது?"
"முட்டைக்கோஸ்," என்றேன்.
அவன் நம்பவில்லை. கேட்கவும் இல்லை.

பதினோராம் பக்கத்தில் வந்தது,
சாவிக்கொத்தின் படத்தோடு.
முர்த்தாஸ் போன் செய்தார்.
"என் முழங்காலுக்கு
இவ்வளவு இடம் தரணுமா?"
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
"சரி," என்றார். வைத்துவிட்டார்.

இதைப் படிக்கிறவருக்கு ஒன்று:
அவை பொத்தான்கள் அல்ல.
மாடி ஆறு அல்ல, பேட்டை கில்தானி அல்ல,
அவர் பெயரும் முர்த்தாஸ் அல்ல.
தொகையை மட்டும் மாற்ற
கை வரவில்லை.