ஏழு துளை

பெயர் எழுதாத மாட்யூல்.
ஏழு துளை. எது வாய், எது காது,
விற்றவனுக்கே தெரியாது.

மஞ்சள் ஒயரை மூன்றில் குத்தினேன், ஊமை.
ஐந்தில் கொசு.
இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து
அதன் பேச்சை அதற்கே ஊட்டினேன்.
இருமியது.

கொருக்குப்பேட்டை கேட் மூடியாயிற்று.
மணலிக்குப் போகும் டேங்கர் ரயில்
பெட்டி பெட்டியாய்ச் சுவரை உலுக்க
உள்ளே ஏதோ தளர்ந்த ஸ்பிரிங்
தண்டவாள இடைவெளியைப் பிடித்துக்கொண்டு
கீழே, இன்னும் கீழே இறங்கிற்று.

கீழ்வீட்டு பிலோமினா கதவைத் தட்டினாள்.
"இன்னாமே அது, வயித்துக்குள்ள கேக்குது?"

தெரியலக்கா.
குமிழைத் தொடப் பயந்து நிற்கிறேன்.

கடைசிப் பெட்டி போய்விட்டது,
கேட்டும் திறந்துவிட்டார்கள்.
இன்னும் வருகிறது, இன்னும் வருகிறது
என்கிறது அது.

பிலோமினா
செருப்பைக் கழற்றுகிறாள்.