ஐந்து மணி நேரம்

செப்டம்பரில் பெர்கனை விட்டோம்.
மழை. பெர்கனில் அது ஒரு செய்தியே இல்லை.
நீர்மட்டத்துக்குக் கீழே எங்கள் அறை;
சன்னல் இருக்கவேண்டிய இடத்தில்
முன்பிருந்த யாரோ ஒட்டிவிட்டுப் போன பசுமாட்டுப் படம்.
மேல்கட்டிலில் சோல்ரூன், ஐஸ்லாந்து மீனவர் வீட்டுப் பெண்.
முதல் மூன்று நாளும் வாந்தி எடுத்தவள் அவள்தான்.
ஆறு மட்டுமே பார்த்து வளர்ந்த தார்த்துக்காரி நான்
வாளியைக் கழுவினேன்.
"எங்கள் வீட்டில் சொல்லிவிடாதே" என்றாள்.

காலை எட்டரைக்கு நிகழ்தகவு.
நாற்காலிகளைத் தரையோடு சங்கிலியில் பூட்டியிருக்கும்.
பேராசிரியர் தோர்வால்ட் பகடையை உருட்டுவார்;
அது நிற்பதற்குள் கப்பல் சாயும்,
நான்கு இரண்டாகும்.
"ஒன்றையொன்று சாராத நிகழ்வுகள்
கரையில்தான் உண்டு" என்பார்,
சிரிக்காமல்.

மேற்கே போகப் போக
சில இரவுகளில் ஒலிபெருக்கி கரகரக்கும்:
இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வையுங்கள்.
உணவுக்கூடம் மேசையைத் தட்டும்,
எல்லோருக்கும் லாட்டரி விழுந்ததுபோல.
சுவர்க் கடிகாரம் மாறும், கைபேசி மாறும்.
என் கைக்கடிகாரத்தை மட்டும் நான் தொடவில்லை.
அது தார்த்து நேரம்.

முதல் மணியைத் தூங்கித் தீர்த்தேன்.
இரண்டாவதில் துணி துவைத்தேன்;
யாருடையதோ ஒற்றைச் சிவப்புக் காலுறை
என் உடுப்பையெல்லாம் இளஞ்சிவப்பாக்கியது.
மூன்றாவது, மிண்டேலோவில் ஏறிய நெல்சீனாவோடு
பின்தளத்தில்.
கப்பலைத் திட்ட அவள் மொழியில் ஏழு வழி;
என் மொழியில் நான் தேடிப் பிடித்தது நான்கு.
நான்காவது மணி
நினைவில்லை.

ஐந்தாவது இரவு, ரெசிஃபே நெருங்கும்போது,
தூக்கம் வராமல் தேநீருக்குப் போனேன்.
ஹெர்மோஜெனெஸ் இருந்தான்;
இலோயிலோக்காரன், இயந்திர அறை, என் வயதுதான்.
கண் சிவந்திருக்க
ரொட்டியில் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தான்.
"இன்றைக்கு ஒரு மணி கூடுதல்" என்றேன்,
நானே கொடுத்ததுபோல.
"எங்களுக்கும் கூடுதல்தான்" என்றான். "வேலை.
ஒருவன் தலையில் விழாமல்
மூன்று ஷிஃப்டும் ஆளுக்கு இருபது நிமிடமாய் வெட்டிக்கொள்வோம்.
கேக் மாதிரி.
யாருக்கும் பிடிக்காத கேக்."

அன்றிரவு படுத்தபின்
மெத்தைக்கு அடியில் இரும்புத் தகடு அதிர்வதை
முதல்முறையாகக் கேட்டேன்.
ஒரு மாதமாய் அது அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.
நான் தூங்கித் தீர்த்த முதல் மணியிலும்
இருபது நிமிடம் அவனுடையது.

மொண்டெவிடியோ தாண்டிக் கிழக்கே திரும்பியதும்
கடல் கணக்குப் புத்தகத்தைத் திறந்தது.
வாங்கிய மணிகளை ஒவ்வொன்றாய் வசூலித்தது,
வட்டி கேட்கவில்லை; ஆனால் தேர்வு வாரமாய்ப் பார்த்து.
பென்சிலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு எழுதினாள் சோல்ரூன்.
மூன்றாம் கேள்வியின் விடை என் தாளிலிருந்து சரிந்து
நெல்சீனாவின் மேசைக்கே போய்ச் சேர்ந்தது;
இருவரும் அதைப் பார்க்காததுபோல இருந்தோம்.
வாசலில் எதிரே வந்த ஹெர்மோஜெனெஸ்
குளித்து, தலை சீவி, புதியவனாய் இருந்தான்.
"இந்தப் பக்கம் போகும்போது
எங்கள் முறை" என்றான்.
இருபது நிமிடம் முன்னதாகத் தூங்கப் போனான்.

கேப்டவுனில் இறங்கினோம், டிசம்பர்.
நிலம் ஆடியது; நாங்கள் நிலத்தை நம்பவில்லை.
துறைமுகச் சுவரில் சாய்ந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.
"அங்கே மணி என்ன, ரைகோ?"
"ஒன்பது."
துறைமுகக் கோபுரத்தைப் பார்த்தேன். ஒன்பது.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
பத்து.

அக்டோபர் கடைசியில் மாற்றிவிட்டோமே, என்றான்,
குளிர்கால நேரம். மறந்துவிட்டாயா?

மறக்கவில்லை.
நான் அங்கே இல்லாத ஓர் இரவில்
என் ஊரும் ஒரு மணி பின்னால் போயிருக்கிறது,
என்னைக் கேட்காமல்.
இந்தப் பத்து மணி
இப்போது எந்த ஊருடையது என்று தெரியவில்லை.
திருகைப் பாதி இழுத்தேன்.
கப்பலின் சங்கு ஒலித்தது.
அப்படியே விட்டுவிட்டேன்.