ஏழாவது கிலோமீட்டர்

பில்லில் ஆழம் ஒன்றரை மீட்டர்.
என் கடப்பாறைக்குத் தட்டுப்பட்டது
முழங்கை ஆழத்தில்,
ஆரஞ்சுக் குழாய்.

அஞ்செட்டி ரோட்டில் மூன்று நாள் மழை.
கேபிள்காரர்கள் மூடிய பள்ளம்
ஓரம் நெடுக உள்வாங்கிக் கிடக்கிறது.
நேற்று பால் வண்டி அதில்தான் சாய்ந்தது.
ஒரு கேன் ஓடைவரை உருண்டும்
மூடி கழலவில்லை.

கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு,
திமிசுக் கட்டையால் இடிக்கிறோம்.
"மெல்லக் குத்துடி,
உள்ளே யாரோ பேசிக்கிட்டிருப்பாங்க"
என்கிறாள் திம்மக்கா.

நாளை கிரேடர் வரும்.
பிளேடைத் தூக்கிப் பிடித்தால் குழி அப்படியே நிற்கும்.
இறக்கினால்
மலைமேல் நாலு ஊருக்குப் போன் சாகும்.
டிரைவர் மல்லேசனுக்கு அடையாளம் வேண்டுமே என்று
கிலோமீட்டர் கல்லிலிருந்து பதினேழு எட்டு வைத்து
சுண்ணாம்பு பூசிய கல் ஒன்றை நட்டேன்.

சாயங்காலம் கூடையோடு திரும்பும்போது
அதற்கு யாரோ
குங்குமம் வைத்திருந்தார்கள்.