அடிக்கட்டைகள்

டிசம்பர். டுலூத் நகரத்து ஏரி இன்னும் உறையவில்லை,
அதன்மேல் வெள்ளையாக ஆவி நடந்துகொண்டிருந்தது.
டெர்வோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
காசோலைப் புத்தகங்களை விரித்தேன்.
மரம் அறுத்துப் பணம் சேர்த்த குடும்பம்.
இப்போது மேசையெல்லாம் அடிக்கட்டை.
ஒரு வருடத்துக்கு இருநூற்றுப் பதினொன்று.

மணிக்கு இவ்வளவென்று கூலி வாங்கிக்கொண்டு
அடுத்தவர் ஈகையை எண்ணிப் பார்ப்பவள் நான்.
விருந்துகளில் சொல்லிக்கொள்ளக் கூசும் தொழில்.

கர்லிங் கிளப்புக்கு ஐந்நூறு டாலர்.
தேவாலயத்து ஆர்கன் மூச்சுத் திணறியதற்கு எண்ணூறு.
யாரோ ஒரு பையன் நார்வே போய்வர முந்நூற்று நாற்பது.
தீயணைப்பு நிலையத்தின் பான்கேக் விருந்துக்கு இருபத்தைந்து.
"அப்பா யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை"
என்றாள் மார்லிஸ்.
ஒவ்வொன்றாகத் தொட்டு, இது ஏன், இது ஏன் என்றேன்.
"கேட்டார்கள்" என்றார் அவள் தம்பி டெல்பர்ட்.
எல்லாவற்றுக்கும் அதே பதில்.
கேட்க வராதவர்கள்?
காப்பி ஊற்ற எழுந்து போய்விட்டார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டிருந்தார்கள், சென்ட் பிசகாமல்.
என்ன வேண்டுமென்று
ஆற்றிடம்தான் ஒருவரும் கேட்கவில்லை.

ஜனவரியில் க்ளோக்கே வரை போனோம், மார்லிஸும் நானும்.
ஒன்பது வருடமாக, வருடத்துக்கு நாலாயிரம்,
குளிர்கோட்டுகளுக்கு.
லோரீன் டூஃபோ பேசவில்லை, பின்னறையைத் திறந்தாள்.
கூரை தொடக் கோட்டுகள்.
பாதிக்குமேல் விலைச்சீட்டுகூடக் கழற்றாதவை.
"வருடாவருடம் உங்களுக்கு ஒரு புகைப்படம் வருமே,
அதே ஆறு பிள்ளைகள்தான்.
ஒருத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள்,
படத்துக்காக விடுப்பு எடுத்து வந்தாள்."

மார்லிஸ் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.
ஒரு கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
அதற்குள் யாரோ இருப்பதுபோல.

"சிறுநீரகம் போனவர்கள் பதினான்கு பேர்.
வாரம் மூன்று விடியல், ஐந்து மணிக்கு,
டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும்.
வேன் இருக்கிறது. ஓட்ட ஆள் இல்லை.
சம்பளம், காப்பீடு, மூன்று வருடத்துக்கு.
நடுவில் தோண்டித் தோண்டிக் கேட்கக் கூடாது."
"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"
"உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கோட்டுகளின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருந்தது.
நிரப்பினேன்."

அந்தப் படிவத்தை எனக்குத் தெரியும்.
பத்து வருடத்துக்கு முன், வேறோர் அலுவலகத்தில்,
அளவுகோல் வைத்து
கட்டம் கட்டமாக அதை வரைந்தவள் நான்.
திரும்பும் வழியெல்லாம் சாலையில் உப்பு.
அப்போது சொல்லவில்லை.
அடுத்த வாரம் சொன்னேன், கட்டணச் சீட்டில்
அந்த நாளை அடித்துவிட்டு.

கொடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்.
டிரைவருக்குச் சம்பளம் என்று முடிவெடுத்த இரவே
மற்றவர்களுக்கு இல்லை என்றும் எழுத வேண்டியிருந்தது.
அச்சடித்த கடிதம் வேண்டாமென்று
டெல்பர்ட் தன் கையால் எழுதினார்,
பிப்ரவரி முழுக்க, நூற்றெண்பதுக்கு மேல்.
ஆர்கன் வாசிப்பவர் ஞாயிறன்று முகம் கொடுக்கவில்லை.
ஹார்ட்வேர் கடையில் இவர் நுழைந்தால் பேச்சு நின்றது.
"அப்பாவுக்கு இது சுலபமாக இருந்தது" என்றார்.
அவருக்கு யாரையும் மறுக்க வேண்டியிருக்கவில்லை.

ஓர் அடிக்கட்டையை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.
பான்கேக். இருபத்தைந்து டாலர்.
"இது இருக்கட்டும்."
என் அட்டவணையில் 'நோக்கம்' என்ற பத்தி.
அந்த வரியில் காலியாக விட்டேன்.

மார்ச் கடைசியில் லோரீனின் முதல் அறிக்கை.
படம் இல்லை. பிள்ளைகள் இல்லை. நன்றி இல்லை.
"செவ்வாய் வண்டி கிளம்பவில்லை, பேட்டரி.
இரண்டு பேருக்குத் தவறியது.
புதன் கிளம்பியது."
மார்லிஸ் இரண்டு முறை படித்தாள்.
பேட்டரி என்ன விலை என்று என்னைக் கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.
லோரீனையே கேட்கலாம் என்று
போனை எடுத்தாள்.