எங்கும் போகலாம்

தடைக்காலம், நாற்பதாம் நாள்.
தங்கச்சிமடத்தில் ரெமிஜியுஸ் வீட்டு மாடியில்
நான் சாமுராய்.
குதிரை உண்டு, வாள் இரண்டு உண்டு,
தீர்க்க வேண்டிய பழி ஒன்றும் உண்டு.

"கோட்டைக்குப் போடா" என்கிறான்.
நான் கடற்கரைக்குத் திருப்புகிறேன்.
அங்கே காயும் வலையைப் பார்க்க வேண்டும் எனக்கு.
கிட்டே போனால் கண்ணியே இல்லை,
வெறும் கோடு.
எந்த நாட்டில் இப்படிப் பின்னுகிறார்கள்?
மீன் வாடை மட்டும் அசல்.
அது கீழே கருவாட்டுக் கொட்டகையில் இருந்து.

எங்கும் போகலாம் என்று அட்டையில் போட்டிருந்தது.
சரி என்று
குதிரையை விட்டிறங்கி நீந்தினேன்.
கொஞ்ச தூரம்தான்.
திரை கறுத்தது.
எல்லை தாண்டுகிறீர்கள், திரும்புங்கள்
என்று மரியாதையாக ஒரு வரி.
அடுத்த நொடி கரையில் நிற்கிறேன்,
உடையில் ஈரம்கூட இல்லை.

ரெமிஜியுஸ் சிரிக்கவில்லை.
மாசியில் அவன் அண்ணன் போன படகு
இன்னும் மயிலிட்டியில் கட்டிக்கிடக்கிறது.
அண்ணன் எந்தச் சிறையில் என்று
வாரத்துக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள்.
அன்றைக்குக் கடல்மேல்
எந்த எழுத்தும் வரவில்லை.

கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டு
அவனும் அதே இடத்தில் இறங்குகிறான்.
கறுக்கிறது. கரை.
மறுபடி இறங்குகிறான்.
கரை.
கோட்டை எரிந்துகொண்டிருக்கிறது, குதிரை காத்திருக்கிறது,
அவன் இன்னொரு தரம்
இறங்குகிறான்.