இருபத்தொன்பதாம் கம்பம்

டிசம்பர் கடைசியில் கடியபட்டணத்தில்
வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்குவதால்
நட்சத்திரம் பார்க்க முடிவதில்லை.

ஐந்து முனை, எட்டு முனை, வால் வைத்தது,
ரிமோட்டில் நிறம் மாறுவது,
குருசடி உச்சியில் பனை உயரத்துக்கு ஒன்று.
அத்தனைக்கும் கரண்ட் கொடுப்பவன் நான்.

தெற்கே, நீட்டிய கையில்
ஒரு முஷ்டி உயரம் கடலுக்கு மேலே
மாகெல்லன் மேகம் நிற்கும்.
பெய்யாத மேகம்.
நம் பால்வீதிக்குப் பக்கத்து வீட்டுக் குட்டி மண்டலம்.
அதற்குள் ஒரு கொத்து தேடுகிறேன், மூன்று வருஷமாக.

ஃப்யூஸைப் பிடுங்கினால்
ஒரு நிமிஷத்தில் ஊர் இருண்டுவிடும்.
இரண்டு தரம் டிரான்ஸ்பார்மர் வரை நடந்தேன்.
பாலன் பிறந்த வாரம்,
திரும்பி வந்தேன்.

இருபத்தொன்பதாம் கம்பத்து வீட்டில்
இந்த வருஷம் நட்சத்திரம் கட்டவில்லை.
கேட்க எனக்கு வாய் வரவில்லை. டெல்பின்தான்
தோளில் கிடந்த குழாயைப் பார்த்து
"மாடிக்குத்தானே, செருப்போடயே ஏறுங்க" என்றாள்.

எட்டு அங்குலக் கண்ணாடி, பி.வி.சி. குழாய்,
உப்புக்காற்றில் துருவேறிய போல்ட்டு.
முட்டத்து லைட்ஹவுஸ் வெளிச்சம் துடைத்துப் போனதும்
கொஞ்சம் இருட்டு. அதற்குள் பார்க்க வேண்டும்.

வந்தது.
கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல் ஒரு மங்கல்.

"எனக்கொண்ணும் தெரியேல்ல."
"நேரே பாக்காதே. கொஞ்சம் விலகிப் பாரு."

விலகிப் பார்த்தாள். சத்தமில்லை.
லைட்ஹவுஸ் இன்னும் நாலு தரம் சுற்றியது.

"எத்தன?"
"எண்ணித் தீராது. எல்லாம் ஒரே பேறுகாலம்.
ரெண்டு கோடி வருஷம்தான் ஆச்சு, சின்னதுவ.
இந்த வெளிச்சம் கிளம்பினது ஒண்ணரை லட்சம் வருஷத்துக்கு முன்ன."

செத்துப்போன நட்சத்திரம் பற்றிக் கேட்பாள் என்று
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
அவள் கேட்டது:
"இப்பவும் ஒண்ணாத்தான் நிக்குமா அதுவ?"

"கட்டு லேசு. கொஞ்சங்கொஞ்சமா விலகும்.
ஆனா இன்னும் நாள் கிடக்கு."

"பேரு?"
"பேரில்ல. நம்பர்தான். ரெண்டாயிரத்து நூறு."

"வள்ளத்துக்கும் அப்பிடித்தான்.
மாதா பேரு எழுதியிருந்தோம், பெரிசா, நீலத்துல.
ஆபீஸ்ல நம்பர் மட்டும் கேட்டானுவ."

பூமி சுற்றுகிற வேகத்துக்கு
ஒரு நிமிஷத்தில் எதுவும் குழலை விட்டு நழுவிவிடும்.
நான்தான் தள்ளித் தள்ளிப் பிடித்துக் கொடுக்கவேண்டும்.

கொத்து எப்போதோ வெளியே போயிருக்கும்.
நான் குழலைத் தொடவில்லை.
அவளும் கண்ணை எடுக்கவில்லை.

கீழே, இருபத்தெட்டாம் கம்பத்து வீட்டில்
ரிமோட் நட்சத்திரம்
சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.