ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

கடிதத்தில் எல்லாம் இருந்தது.
விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன்.
போஸ்னான் நகரின் குடியிருப்புச் சங்கத்துக்கு
எங்கள் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் சார்பில்
அக்டோபர் இருபத்தொன்பதில்
நானே தட்டச்சு செய்து, நானே கையெழுத்திட்டு,
நானே தபாலில் சேர்த்த கடிதம்.

மேற்படி பொருள் தொடர்பாக என்று தொடங்கி,
தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விழைந்து,
நெடுநாள் நல்லுறவை நினைவுகூர்ந்து,
ஆண்டறிக்கையைக் குறிப்பிட்டு, அதன் இணைப்பைக் குறிப்பிட்டு,
இணைப்பின் இணைப்பையும் விடாமல் குறிப்பிட்டு,
இரண்டாம் பக்கத்தின் அடிவயிற்றில்
ஒன்பதாவது பத்தியில்
ஒரு கமாவுக்குப் பின்னால் சொல்லியிருந்தேன்:
மூன்றாம் எண் லிஃப்டின் இயக்கம்
தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுவது
விரும்பத்தக்கதாகக் கருதப்படலாம்.

முழுப் பூசணிக்காய்.
சோறு நான் வடித்தது.

மேலாளர் ஷ்விடெர்ஸ்கி முதல் பத்தியைப் படித்தார்.
நல்லுறவு நலமாக இருப்பதாகத் தெரிந்தது.
கோப்பில் வைத்துவிட்டார்.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை.
அன்று அவர் மேசையில் நாற்பது கடிதங்கள்.
நாற்பதும் நலம் விசாரித்தன.

நவம்பர் ஆறு, மாலை ஐந்தே முக்கால்.
டிராம் ஓட்டுநர் இக்னாட்ஸி வ்ரோனா
ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே
நின்றுபோனார், கையில் கேக் பெட்டியோடு.
மூன்று மணி இருபது நிமிடம்.
பெட்டியின் மூடி கண்ணாடிக் காகிதம். அதன் அடியில்
பேக்கரிக்காரி க்ரீமில் எழுதியிருந்தாள்:
ஓலா. 7.

அவ்வளவுதான்.
அவளுக்கு இருந்த இடம் ஒரு சாண்.
கைச்சூட்டில் க்ரீம் உருகும்.
படிக்கப்போவது ஏழு வயது.
இந்த மூன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.
வ்ரோனா பசி தாளாமல்
ஓரத்தை மட்டும் விரலால் வழித்துத் தின்றாராம்.
எழுத்தைத் தொடவில்லை.

விசாரணை அதிகாரி என்னைவிட இளையவள்,
சளி பிடித்திருந்தது.
கருதப்படலாம் என்கிறீர்களே, கருதுவது யார்?
மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.
யோசித்துப் பார்த்தேன்.
யாருமில்லை.
அந்த வினைச்சொல்லுக்குள் ஆளே கிடையாது.
பதினேழு வருடங்களாக நான் அனுப்பியதெல்லாம்
விளக்கெரிய, காலியாக,
மேலும் கீழும் போய்வரும் வாக்கியங்கள்.

அன்றிரவு நகலை எடுத்துப் பேனாவால் அடித்தேன்.
விழைகிறோம் போனது. மேலான போனது.
இணைப்புகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போயின.
ஒன்று மட்டும் போகவில்லை.
நேராகச் சொன்னால் ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ
என்ற அந்தப் பயம்.
நாசூக்கு என்று அதற்குப் பெயர் வைத்து
இத்தனை நாள் தட்டச்சு செய்திருக்கிறேன்.
அதை அடிக்க மையைவிட வேறேதோ வேண்டியிருந்தது.

அடுத்த திங்கள்கிழமை, மின்னஞ்சலில்:

வணக்கம் திரு ஷ்விடெர்ஸ்கி,
ஐந்தாம் எண் லிஃப்டை இன்றே நிறுத்துங்கள்.
கம்பிவடத்தில் நான்கு இழைகள் அறுந்திருக்கின்றன.
வெள்ளி காலை எட்டுக்கு வடம் மாற்ற வருகிறோம்.
சனி மதியம் லிஃப்ட் ஓடும்.
எது புரியாவிட்டாலும் என்னைக் கூப்பிடுங்கள்.
ஹால்ஷ்கா மிரெக்கா
கீழே என் எண்.

மொட்டையாக இருக்கிறதே என்றார் எங்கள் இயக்குநர்.
வணக்கமும் அவர் கேட்டுச் சேர்த்ததுதான்.
அது நியாயம், வைத்துக்கொண்டேன்.
மற்றதற்குத் தலையாட்டவில்லை.

பதினோராவது நிமிடம் தொலைபேசி அடித்தது.
ஷ்விடெர்ஸ்கி கத்தினார்.
வெள்ளி வரைக்குமா? விளையாடுகிறீர்களா?
எட்டாம் மாடியில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்,
வியாழன்தோறும் டயாலிசிஸ்,
யார் தூக்கிக்கொண்டு இறங்குவது, நீங்களா?

என் ஆறு வரிகளில் அந்த நாற்காலி இல்லை.
எனக்குத் தெரியாது.
பதினேழு வருடத்தில் ஒருவரும் இப்படி
எனக்குத் தெரியாத ஒன்றைத் திருப்பிச் சொன்னதில்லை.

ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு
கையில் கிடைத்த உறையின் முதுகில் எழுதினேன்:
புதன். காலை ஆறு. இரண்டு ஆட்கள்.